பெஞ்சைப் பார்த்தீங்களா?

ஒரு ஊருக்குப் போய்விட்டு வந்ததை இனிமேல் வெளியில் சொல்வதாக இல்லை. யாராவது கேட்டால், "எங்கேயும் போகலை, வீட்லயே இருந்து கராஜைச் சுத்தம் பண்ணினோம்" என்று சொல்லிவிடப் போகிறேன். கராஜைச் சுத்தம் பண்ணியவனைப் பார்த்து, "அடடா, அந்த மேல் ஷெல்ஃபைப் பார்க்கலையா? அதுதான் சார் உங்க கராஜ்லயே முக்கியம்" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

போன சனிக்கிழமை, அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் ஒரு கிரகப்பிரவேசம். கையில் பிசிபேளாபாத் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர், பட்டு வேட்டியும் ஆப்பிள் வாட்ச்சுமாக வந்து, "லேபர் டே லாங் வீக்கெண்டுக்கு எங்க சார் போனீங்க?" என்றார்.

"சவானா."

"பெஞ்சைப் பார்த்தீங்களா?"

"எந்த பெஞ்ச்?"

மனிதர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு, "இவங்க சவானா போனாங்களாம், பெஞ்சைப் பார்க்கலையாம்" என்றார். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பரவாயில்லைங்க, ஊர் எங்கயும் ஓடிடாது, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று தேற்றினார்.

எந்த பெஞ்ச் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றேதான் கேட்டேன். நயாகரா போய் வந்தவனிடம் "அமெரிக்கா பக்கமா, கனடா பக்கமா?" என்று விசாரித்து, எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் "அந்தப் பக்கம்தான் நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்புகிறவன் நான். இந்த வித்தையை என்னிடமே காட்டினால் எப்படி?

சவானாவில் பார்த்தே தீரவேண்டியது என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த பெஞ்சை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

1994 இல் வந்த 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தில் டாம் ஹாங்க்ஸ் மடியில் சாக்லேட் பெட்டியோடு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் கதையைச் சொல்வாரே, அந்த பெஞ்ச். சவானாவின் சிப்பவா சதுக்கத்தில் எடுத்தார்கள். பெஞ்ச் அந்தச் சதுக்கத்துப் பெஞ்சே இல்லை. ஷூட்டிங்குக்காகக் கொண்டுவந்து போட்டு, முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்த ஊர் வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. சதுக்கத்தில் அது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததைத்தான் எங்கள் நாலு குடும்பமும் வெயிலில் நின்று பார்த்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு கொரியக் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒஹையோ பனியன் போட்ட தாத்தா பாட்டி காத்திருந்தார்கள். "இங்கதான் இருந்தது" என்று ஒருவர் காட்ட, "இல்லை, அங்கே" என்று இன்னொருவர் திருத்த, அந்தக் காலியிடத்தைச் சுற்றி ஒரு சர்வதேச மாநாடே நடந்தது. கடைசியில் எங்கள் நண்பர் ஒருவர் பொறுமையிழந்து, பக்கத்தில் கிடந்த, எந்தப் படத்திலும் நடிக்காத ஒரு சாதாரண பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு போஸ் கொடுத்தார். ஐந்தே நிமிடத்தில் அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

அத்தனை பேருக்கும் தலைக்கு மேலே, சதுக்கத்தின் நட்டநடுவில், ஊரை உண்டாக்கிய ஜேம்ஸ் ஓகில்தார்ப் வெண்கலத்தில் நிற்கிறார். 1733 பிப்ரவரியில் கப்பலில் வந்து இறங்கியவர். சிலையைச் செய்தவர் டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச். வாஷிங்டனில் லிங்கனைப் பிரம்மாண்டமாக உட்காரவைத்தாரே, அதே ஆள். தெற்கே ஃப்ளோரிடாவில் இருந்த ஸ்பெயின்காரர்களை முறைத்தபடி, கையில் வாளோடு நிற்கிறார். ஒருத்தர் நிமிர்ந்து பார்க்க வேண்டுமே!

ஓகில்தார்ப் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊரின் அழகே சதுக்கங்கள்தான். வீதி நடக்க நடக்க ஒரு சதுக்கம், சுற்றிப் பழைய வீடுகள், நடுவில் நிழல், மறுபடி வீதி, மறுபடி சதுக்கம். மனிதர் முதலில் நாலு போட்டார்; அதே கணக்கில் ஊர் வளர்ந்து 24 ஆகி, இப்போது 22 இருக்கிறது. எந்த மகானுபாவன் பெயர் வைத்தானோ, எந்தப் புண்ணியவான் சிலை வைத்தானோ, இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்ததே கிடையாது என்று சத்தியம் பண்ணுவேன்.

நாலு குடும்பமும் சேர்ந்து நகர முடியாதல்லவா? ஒரு குழந்தைக்கு ரெஸ்ட்ரூம், ஒரு மாமாவுக்குக் காபி. பிரிந்தோம். "எல்லாரும் ஓகில்தார்ப் சிலைகிட்ட வந்துடுங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்று. நாங்கள் போய் நின்றோம். நண்பரைக் காணோம். போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஓகில்தார்ப்லதான் நிக்கறேன்."

"நானும் ஓகில்தார்ப்லதான் நிக்கறேன். உங்களைக் காணோமே."

"கையை ஆட்டுங்க."

ஆட்டினேன். பக்கத்தில் நின்ற கொரியக்காரர் பதிலுக்கு ஆட்டினார்.

"சிலை தெரியுதா உங்களுக்கு?"

"சிலையா? இங்க சிலையே இல்லையே. போர்டுல ஓகில்தார்ப் சதுக்கம்னுதான் போட்டிருக்கு."

ஓகில்தார்ப் சதுக்கத்தில் ஓகில்தார்ப் இல்லை. அவர் சிப்பவா சதுக்கத்தில் இருக்கிறார். சரி, எல்லோருக்கும் பொதுவாகப் புலாஸ்கி சிலைக்கு வாருங்கள் என்றேன். புலாஸ்கி, அமெரிக்க விடுதலைப் போரில் இதே ஊரை மீட்கவந்து 1779 இல் குண்டடிபட்டு இறந்த போலந்து வீரர். நண்பர் போன் மேப்பில் புலாஸ்கி என்று அடித்துப் புலாஸ்கி சதுக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே அருமையான மரங்கள் இருக்கின்றன, புலாஸ்கி மட்டும் இல்லை. அவர் மான்டரே சதுக்கத்தில். "கிரீன் சிலை?" என்று கேட்டார் நண்பர், குரலில் ஏற்கெனவே ஈரம் வற்றிவிட்டது. தளபதி நதானியேல் கிரீனுக்குப் பெரிய ஸ்தூபி இருக்கிறது, அவர் எலும்புகளே அதன் அடியில்தான் இருக்கின்றன, ஆனால் கிரீன் சதுக்கத்தில் இல்லை, ஜான்சன் சதுக்கத்தில். ஜாஸ்பர் சிலை? மாடிசன் சதுக்கத்தில். இந்த இடத்தில் நண்பரின் மனைவி போனை வாங்கி, "அண்ணா, நீங்க எங்கயும் போகாதீங்க, இருக்கிற இடத்துலயே நில்லுங்க, நாங்க வர்றோம்" என்றார். நாங்களும் அதே சமயம் அவர்களைத் தேடிக் கிளம்பியிருந்தோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எந்த இரண்டு குடும்பம் எந்தக் காலத்தில் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது?

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. ரைட் சதுக்கம். யமக்ரா குடியின் தலைவர் டோமோசிச்சிதான் வெள்ளைக்காரர்களை இறங்கவிட்டு, ஊர் கட்ட இடம் கொடுத்தவர். 1739 இல் அவர் இறந்தபோது நடுச்சதுக்கத்தில் மரியாதையாகப் புதைத்தார்கள்; பெட்டியைச் சுமந்தவர்களில் ஓகில்தார்ப்பும் ஒருவர். 1883 இல் அதே நடுவில், ஒரு ரயில்வே கம்பெனித் தலைவருக்குத் தூண் தூணாக நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். இடம் கொடுத்த மனிதருக்குப் படுக்க இடம் இல்லை. அந்த ரயில்வேக்காரரின் மருமகளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் முன்னின்று 1899 இல், நாம் லேசர் ஷோ பார்க்கப் போகிற அதே ஸ்டோன் மவுண்டனிலிருந்து ஒரு பெரிய கருங்கல் பாறையை வரவழைத்து, சதுக்கத்தின் மூலையில் டோமோசிச்சி பேரில் வைத்தார். நாங்கள் போனபோது அந்தப் பாறையில் சாய்ந்துகொண்டு ஒரு பையன் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் பையன்தான்.

சிரிக்க முடியாதது இன்னொன்றும் உண்டு. ஊருக்குக் கொஞ்சம் வெளியே, 1859 மார்ச்சில், பட்ட கடனை அடைக்க ஒரு பண்ணை முதலாளி நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளைக் குதிரைப் பந்தய மைதானத்தில் வைத்து இரண்டு நாள் ஏலம் விட்டார். 'அழுகைக் காலம்' என்றே அதற்குப் பேர் நின்றுவிட்டது. ஊரைத் தொடங்கியபோது அடிமைகளே கூடாது என்று சட்டம் வைத்திருந்தவர்கள்தான். ரம்மும் கூடாது என்றிருந்தார்கள். முதலில் ரம்மை அவிழ்த்துவிட்டார்கள், பிறகு 1751 இல் இதையும். அந்த ஏலம் நடந்த பக்கம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, போகலாமா என்று குரூப்பில் கேட்டேன். "அங்க போட்டோ எடுக்க என்ன இருக்கு?" என்று ஒரு பதில் வந்தது. அதற்கு மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும், இப்போதைக்குச் சொல்லவில்லை.

பார்த்தே தீரவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அதற்குக் காரை எங்காவது நிறுத்தவேண்டும்.

சவானாவைக் காப்பாற்றியதே பார்க்கிங் மேல் வந்த கோபம்தான். 1954 இல் எல்லிஸ் சதுக்கத்துப் பழைய சந்தையை இடித்து, அடுக்குமாடிப் பார்க்கிங் கட்டினார்கள். அடுத்த வருடமே, 1820 இல் கட்டின டேவன்போர்ட் வீட்டுக்கும் இடி விழப்போகிறது என்று தெரிந்ததும் ஏழு பெண்கள் கிளம்பினார்கள். பணம் திரட்டி வீட்டை வாங்கினார்கள், அப்படியே ஒரு அமைப்பையும் தொடங்கி வீடு வீடாக மீட்டார்கள். பார்க்கிங் கட்டடமும் பிற்பாடு இடிபட்டு, 2010 இல் சதுக்கம் திரும்பி வந்தது. இப்போது காரெல்லாம் சதுக்கத்துக்கு அடியில். பார்க்கிங் மேல் எனக்கும் இருபது வருடமாகக் கோபம் வருகிறது. இதுவரை ஒரு திண்ணையைக்கூடக் காப்பாற்றியதில்லை.

அதற்கு முன்பும் ஊர் ஒரு தடவை தப்பியிருக்கிறது. உள்நாட்டுப் போர்த் தளபதி ஷெர்மன் கதை உங்களுக்குத் தெரியும். 1864 நவம்பரில் அட்லாண்டாவைக் கொளுத்திவிட்டு, சுமார் 60,000 பேரோடு நடந்தே கடலுக்குப் புறப்பட்டு, டிசம்பரில் சவானாவைப் பிடித்து, லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு என்று தந்தி அடித்தார். சவானாவைக் கொளுத்தவில்லை. கொளுத்தின அட்லாண்டாவில் இருக்கிற நமக்குப் பழைய கட்டடம் என்றால் 1996 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டியது என்று ஆகிவிட்டது. அறுபதாயிரம் பேரை நகர்த்தினார் என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஒப்புக்கொண்ட நாலு தமிழ்க் குடும்பத்தை அவரிடம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். மேக்கன் தாண்டியிருக்கமாட்டார்.

புளியோதரையை ஃபார்சைத் பூங்காவில் பிரித்தோம். எதிரே அந்தப் பிரபலமான வெள்ளை ஃபவுண்டன். 1858 இல் நியூயார்க் கம்பெனி ஒன்றின் கேட்லாக்கைப் பார்த்து ஆர்டர் கொடுத்து வரவழைத்தது. இதே ஜாடையில் பெருவின் குஸ்கோவிலும் ஒன்று நிற்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் ஒருவர், "அப்போ டெலிவரி சார்ஜ் எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று கவலைப்பட ஆரம்பித்தார். சாயங்காலம் ரிவர் ஸ்ட்ரீட்டில் பெக்கான் பருப்பு மிட்டாய்க் கடைகளில் சூடாக சாம்பிள் கொடுக்கிறார்கள். அவரே தொப்பி போட்டுக்கொண்டு ஒரு தடவை, தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை வரிசையில் வந்தார். மறுநாள் காலை ஓட்டலில் கிரிட்ஸ் வைத்தார்கள். வெள்ளைச் சோளக் குருணையைக் குழைய வேகவைத்து வெண்ணெய் போட்டது. என் மாமியார் ஒரு வாய் எடுத்துவிட்டு, "காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற நொய்க்கஞ்சி மாதிரி இருக்கு, இதுக்கா பத்து டாலர்?" என்றார். பிறகு முழுக்கச் சாப்பிட்டு, ஊறுகாய் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்.

ஓக் மரங்களில் இழை இழையாகச் சாம்பல் நிறத்தில் தொங்குமே, ஸ்பானிஷ் மாஸ், அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பட்டு வேட்டிக்காரர் அதற்கும் வருவார். அது பாசியே இல்லை, அன்னாசிப்பழத்தின் சொந்தக்காரச் செடி. மரத்தில் தொங்குகிறவரை சாது. தரையில் விழுந்து கிடப்பதைத் தொடாதீர்கள், சிகர் என்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியேறியிருக்கும் என்று டிராலி வண்டி ஓட்டியவர் மைக்கில் இரண்டு முறை சொன்னார். நண்பரின் மனைவிக்கு அது காதில் விழவில்லை. நவராத்திரி வருகிறதே, கொலுவில் இந்த வருடம் காடு செட்டிங். இரண்டு பெரிய ஜிப்லாக் பை நிறையப் பொறுக்கிவிட்டார்.

"இதை அண்ணா வண்டியில வெச்சுடலாமா? எங்க டிக்கில ரைஸ் குக்கர் இருக்கு."

வைத்தோம். ஒரு பையின் ஜிப் சரியாக மூடியிருக்கவில்லை. டப்ளின் எக்ஸிட் வருவதற்குள் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால் மடிப்பு, அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது சொறிய முடியாத ஓர் இடம். "என்னங்க, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றாள் மனைவி. காலமைன் பாட்டில் பாதி தீர்ந்துவிட்டது. காடு செட்டிங் பிரமாதமாக வந்திருக்கிறதாம், சுண்டலுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லிப் போன் வந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன், ஆனால் வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.