தட்டு ஒன்றுக்கு 250 டாலர்

அமெரிக்காவில் குடியேறியவர்களுக்காக நிதி திரட்டும் விருந்து என்றால் ஏற்பாடெல்லாம் பிரமாதமாக இருக்கும். பெரிய உணவகம், மெழுகுவத்தி, ஐந்து சுற்றுப் பரிமாறல், நடுவே ஓர் உருக்கமான உரை. உரை முடியும்வரை உள்ளே பாத்திரம் உருட்டக் கூடாது என்று உத்தரவு. உருட்டுபவர் குவாத்தமாலாக்காரர், பேச்சும் அவரைப் பற்றித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வரிக் கணக்கு. தட்டுக்கு 250 டாலர் கொடுக்கிறீர்கள், சாப்பாட்டின் சந்தை மதிப்பு 90 என்று வையுங்கள். மிச்சம் 160-க்குத்தான் வரிவிலக்கு என்கிறது அந்த நாட்டு வருமான வரித்துறை. இறால் எங்கே முடிகிறது, இரக்கம் எங்கே தொடங்குகிறது என்று காசு சுத்தமாகப் பிரித்துவிட்டார்கள். ஆவணமில்லாதவர்களையும் அந்தத் துறை கைவிடவில்லை. அவர்களும் வரி கட்டலாம்; அதற்கான தனி எண் 1996-லிருந்தே உண்டு. தங்குவதற்கு அனுமதிதான் வராது.

டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு மணிக்கு 2.13 டாலர் போதும் என்று 1991-இல் வைத்த மத்திய சட்டக் கூலி இன்றும் அதேதான். (இறால் விலை அப்படி நிற்கவில்லை.)

2017 பிப்ரவரி 16 அன்று குடியேறியவர்கள் பலர் வேலைக்கு வராமல் நின்றார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த ஹோசே ஆந்த்ரேஸ் வாஷிங்டனில் தன் உணவகங்கள் சிலவற்றை மூடினார். சாப்பிடப் போனவர்களுக்கு விஷயம் உரை இல்லாமலே விளங்கியிருக்கும்.

அடுத்த விருந்தில் விருந்தாளிகளே பாத்திரம் தேய்க்கட்டுமே என்று சொல்லலாம்தான். ஆனால் தொண்டாகச் செய்யும் உழைப்புக்கு வரிவிலக்கு கிடையாதாம்.