அம்பாசடர் பின்விளக்கியல்: ஒரு சிற்றாராய்ச்சி

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்கிறது பனம்பாரனார் பாயிரம். அந்த அதங்கோடு தங்கள் மாவட்டத்து ஊர்தான் என்பதில் குமரிக்காரர்களுக்கு ஐயமே கிடையாது. எனவே அம்பாசடர் பின்விளக்கு பற்றிய இவ்வாய்வு நாகர்கோவில் வடசேரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் அரங்கேறுவதில் வழுவில்லை.

நிலம்: கடற்காற்று, உப்பு, ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் 2014 வரை உத்தரபாராவில் இந்தக் காரைச் செய்தவர்கள் நாகர்கோவிலை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

பிரமாணம்: ஓட்டுகிறவருக்குப் பின்விளக்கு பிரத்தியட்சம் அன்று. ஒழுகினசேரிப் பாலத்தில் பைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, பின்னால ஒண்ணும் எரியல்ல" என்று கத்தும் ஆப்தவாக்கியமே கதி. வெள்ளைச் சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுத்து, சிவப்பு விழுகிறதா என்று பார்ப்போர் அனுமானவாதிகள்.

நோய்முதல் குறித்து மூன்று மதங்கள். தட்டுவாதிகள் டிக்கியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவர். எரியும், அடுத்த பள்ளம் வரை. பல்புவாதிகள் புது பல்ப் வாங்குவர், அதுவும் எரியாது.

எர்த்துவாதிகள் கூறுவதே சித்தாந்தம். பிரேக்குக்கு 21 வாட், இரவுக்கு 5 வாட் என ஒரே பல்பில் இரண்டு இழை. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் கூடவே கண்ணடிக்கிறது; பிரேக் மிதித்தால் மங்குகிறது. செத்த பல்ப் இப்படி நடிக்காது. பேட்டரிக்குக் கரண்ட் திரும்பிப்போகத் தனி ஒயர் கிடையாது, காரின் தகரமே வழி; அதுதான் எர்த்து. ஹோல்டர் தகரத்தைத் தொடும் இடத்தில் துரு ஏறினால், வழிமறிக்கப்பட்ட கரண்ட் பக்கத்து இழைக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கும். தட்டினால் எரிவதும் துரு ஒரு கணம் விலகுவதால்தான். ஆக, தட்டுவாதிகள் அறியாமலே எர்த்துக்குச் சாட்சி சொல்கிறார்கள். டிங்கரிங் முடித்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டிக்கு நோய் இன்னும் அதிகம். பெயிண்டும் கரண்டை விடாதே!

சிகிச்சை: உப்புத்தாளால் தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்ப்பது, ஹோல்டரிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்றை இழுத்து நல்ல தகரத்தில் போல்ட் போட்டு முறுக்குவது, மேலே கொஞ்சம் வாஸ்லின், உப்புக்காற்று அண்டாதிருக்க.

ஒரு தடை எழுப்பப்பட்டது. கார்க்காரர் கேட்டார்: "புது ஒயர் போட்டா ஒரிஜினாலிட்டி போயிருமே?"

ஸ்பானரைத் துடைத்தபடியே மெக்கானிக் விடை சொன்னார்: "கம்பெனியில இருந்து வரும்பம் எரிஞ்சிச்சுல்லா அண்ணாச்சி, அதான் ஒரிஜினல்."