எஃப்.டி.பி. சார்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் ஆறு பேர். ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஆறாமவர் எஃப்.டி.பி. சார். அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. எஃப்.டி.பி. என்றால் ஃபேக்கல்டி டெவலப்மென்ட் புரோகிராம். நான் தமிழ்த் துறைக்காரன் ஆயிற்றே என்று ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ‘ஆசிரியர் மேம்பாட்டு நிகழ்ச்சி’ என்று எழுதிவைத்தேன். யாருக்கோ பதவி உயர்வு வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் இனிப்புக் கேட்டார்கள். அதிலிருந்து நானும் எஃப்.டி.பி. என்றே எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பைகள். பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பை, ஒரு நோட்டு, ஒரு பேனா தருவார்கள். நோட்டில் முதல் பக்கத்தில் தேதியும் தலைப்பும் மட்டும் இருக்கும். பேனா மூன்றாம் நாள் எழுதாது. பைதான் காலத்தை வெல்லும். சாரின் மனைவி ரேஷன் கடைக்கு நானோ பொருள்கள் பயிலரங்கத்தின் பையோடு போவார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க, உயர்கல்வியில் தகவல் தொழில்நுட்பம். “இவரு என்னத்தக் கத்துக்கிட்டு வர்றாரோ தெரியல சார், பைக்கு மட்டும் பஞ்சமே இல்ல” என்பார் அந்த அம்மா, காப்பியை நீட்டியபடி.

கிண்டல் செய்வதற்கு முன் அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் பயிற்சிப் பட்டம் கட்டாயம். கல்லூரிக்கு அது தேவையில்லை. மண்புழுவை ஆறு வருடம் ஆராய்ந்தவனுக்கு, அறுபது பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்காரவைக்கவும் தெரியும் என்பது நம்பிக்கை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1986 கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று தொடங்கினார்கள். பிறகு அது மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது. 2023-இல் மாளவியா பெயரில் ஆசிரியர் பயிற்சி மையம் ஆனது. பலகை இரண்டு முறை மாறிவிட்டது. பதினொன்றேகால் மணிக்கு வரும் டீயும் சமோசாவும் மாறவில்லை என்று சார் சாட்சி சொல்வார்.

நோக்கம் நல்ல நோக்கம். அதைக் கொண்டுபோய்ப் பதவி உயர்வில் முடிச்சுப் போட்டார்களே, அங்கேதான் எஃப்.டி.பி. சார் பிறந்தார். 2010-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில் இரண்டு வாரப் பயிற்சிக்கு 20 மதிப்பெண், ஒரு வாரத்துக்கு 10. மதிப்பெண்ணுக்காகப் படிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த ஒரு சமூகம், ஒரே இரவில் மதிப்பெண் கூட்ட ஆரம்பித்தது. 2018-இல் அந்தக் கணக்கையெல்லாம் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் முதல் படியைத் தாண்டவே 21 நாள் ஓரியன்டேஷன் முடித்திருக்க வேண்டும். அதற்கு மேலே புத்தாக்கப் பயிற்சியோ, ஒரு வார எஃப்.டி.பி.யோ, இணையவழிப் படிப்போ ஏதாவது ஒன்று. போதாக்குறைக்குக் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வந்தால், இத்தனை பேராசிரியர்களில் எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள் என்று கேட்கும். என்ன கற்றார்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஃபைலில் காகிதம் இருக்கிறதா, அவ்வளவுதான்.

சாரிடம் இருந்தது. எல்லாருக்கும் சேர்த்து இருந்தது.

அவருடைய பொற்காலம் 2020. மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். ஏப்ரலில் நாடு முழுக்க வெபினார் முளைத்தது. அதுவரை ஒரு சான்றிதழுக்கு ஆன் டியூட்டி அனுமதி வாங்கி, பஸ் பிடித்து, ஹாஸ்டல் கொசுவோடு படுத்து எழுந்து வந்தவர். இப்போது லுங்கியோடு ஒரு நாளைக்கு மூன்று. லேப்டாப்பில் தேனீ வளர்ப்பு, கைப்பேசியில் ஜி.எஸ்.டி. கணக்கு, வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ஸ்கிரீன் தெரியுதா?” என்று கேட்க, இவர் மைக்கை அணைத்தபடி “தெரியுது, தெரியுது” என்பாராம்.

அந்த நாள்களில் அவர் கண்டுபிடித்த நுட்பம் ஒன்று உண்டு. கூகுள் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் தானாக மின்னஞ்சலில் வரும்படி செய்திருப்பார்கள். ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து அப்படி ஒரு நாளைக்கு நூறு பேருக்குத்தான் போகும். நூற்றியோராவது ஆளுக்கு மறுநாள் வந்தால் உண்டு. ஆகவே அமர்வைக் கேட்பது முக்கியமில்லை, லிங்க் விழும் கணத்தில் விழித்திருப்பதே முக்கியம். அவர் தொடங்கிய வாட்சப் குழுவில் அன்றாடம் ஒலித்த குரல் இதுதான்: “லிங்க் விழுந்திருச்சு. ஓடுங்க!” எங்கோ ஒரு ஊரில் நூலக அறிவியல் வினாடிவினா நடந்தால், இங்கே முப்பது விலங்கியல்காரர்கள் நாற்பது சதவீதம் எடுத்துத் தேறுவார்கள். தவறினால் மறுபடி எழுதலாம், விடை அதற்குள் குழுவில் வந்திருக்கும்.

என்.பி.டி.இ.எல். இணையவழிப் படிப்பின் பக்கம் மட்டும் அவர் போகவே மாட்டார். காரணம் கேட்டேன். “வாராவாரம் அசைன்மென்ட் சார். கடைசியில தேர்வு மையத்துக்கு நேர்ல போய் எழுதணும். ஃபெயில் வேற ஆக்கிருவாங்க” என்றார். நேர்மையான மனிதர்.

இத்தனை பயிற்சி முடித்தவரை யார் விடுவார்கள்? ரிசோர்ஸ் பர்சன் ஆக்கினார்கள். சொற்பொழிவு முறை காலாவதியாகிவிட்டது என்பதை இரண்டு மணி நேரம் சொற்பொழிவாற்றி நிறுவுவார். ப்ளூம் வகைப்பாடு வரும். பிறகு எந்த எஃப்.டி.பி.யிலும் தப்பாத அந்தக் கூம்பு வரும்: படித்ததில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டதில் 20, செய்ததில் 90. எட்கர் டேல் 1946-இல் கூம்பை வரைந்தது வாஸ்தவம். அதில் சதவீதக் கணக்கு எதுவும் இல்லை, யாரோ பின்னால் சொருகியது. இதைத் தெரிந்துகொண்ட அன்று அவரிடம் ஓடினேன். “சார், அந்த நம்பரெல்லாம் கப்ஸாவாம்.” ஒரு கணம் யோசித்தார். “இருக்கட்டும் சார். ஸ்லைடு கலரா இருக்குல்ல?”

இப்படிப்பட்டவர் வகுப்பில் எப்படி என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. தவளையை அறுக்கக் கூடாது என்று வந்த பிறகு, அவர் வண்ணச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகையில் தவளையின் இதயத்தை வரைவார். சிவப்பில் ஒரு ரத்தம், நீலத்தில் ஒரு ரத்தம், இரண்டும் கலக்கும் இடத்தில் விரலால் ஒரு தேய்ப்பு. அடுத்த வகுப்புக்குப் போகிற வழியில் நானே ஜன்னலோரம் நின்றிருக்கிறேன். கடைசி பெஞ்சுகூடக் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கும். இந்த வித்தை அவர் தன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கற்றது. அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆகையால் சார் அதை ஒரு திறமையாகவே கருதுவதில்லை. ஆனால் பிள்ளைகள் படம் எடுத்ததை மட்டும் விடவில்லை. ‘நாக்’ படிவத்தில், கைப்பேசி வழிக் கலப்புக் கற்றல் என்று ஒரு வரி ஏற்றிவிட்டார். குழு பாராட்டியதாகக் கேள்வி.

நான் இந்த ஆட்டத்தில் இல்லை என்று நெடுநாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். சங்க இலக்கியம் நடத்துகிறவனுக்கு மூடில் மென்பொருள் எதற்கு, பேட்லெட் இணையப் பலகை எதற்கு? போன ஆனியில் பதவி உயர்வு ஃபைலைத் திறந்தார்கள். ஒரு வார எஃப்.டி.பி. ஒன்று குறைகிறது என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். இரவோடு இரவாகச் சாரைத் தேடிப் போனேன். ஏளனமாக ஒரு சொல் சொல்லவில்லை. “செயற்கை நுண்ணறிவும் வகுப்பறையும்னு ஒண்ணு திங்கக்கிழமை ஆரம்பிக்குது சார். கேமராவை ஆஃப் பண்ணிக்கிடுங்க, பேரை மட்டும் டிப்பார்ட்மெண்டோட போடுங்க” என்று சேர்த்துவிட்டார்.

ஐந்தாம் நாள் மாலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன், வாட்சப் துள்ளியது. லிங்க் விழுந்திருச்சு. ஓடினேன். பன்னிரண்டு கேள்வி. பதினொன்றுக்கு ஐந்துக்கு ஐந்து. பன்னிரண்டாவது: இப்பயிற்சியை உங்கள் பாடத்தில் எவ்வாறு பயன்படுத்துவீர்கள், ஐம்பது சொற்களில். எண்பது பேர் முன்னால் போயிருப்பார்கள் என்ற பதற்றத்தில் சாருக்கே ஃபோன் போட்டேன். “நான் எழுதினதை அனுப்பிருக்கேன் சார், அப்படியே ஒட்டுங்க.” ஒட்டினேன். நாலு நிமிடத்தில் தங்க நிறக் கரையோடு சான்றிதழ் வந்துவிட்டது.

பிறகு சாவகாசமாக அந்த விடையைப் படித்துப் பார்த்தேன். குறுந்தொகை நடத்தும் நான், தவளையின் இதயத்தை விளக்க இந்தப் பயிற்சி பெரிதும் உதவும் என்று எழுதியிருக்கிறேன்.