மங்காத்தாவும் 17 கொண்டை ஊசி வளைவுகளும்: ஒரு முன்னோடி ஆய்வு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. மங்காத்தாவில் முதல் சீட்டிலேயே ஆட்டம் முடிந்துபோகும் வாய்ப்பும் 17-ல் ஒன்று. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க அறிவுலகம் ஏன் தயங்குகிறது என்று தெரியவில்லை. இவ்வாய்வு தயங்கவில்லை.

ஆய்வுக்களம், ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் இளைப்பாறும் இடம். மழை பிடித்துக்கொண்டு காய் பறிப்பு நின்றால் துண்டு விரியும்; சீட்டுக்கட்டு எங்கிருந்தோ வரும். ஆய்வு நெறி கருதிப் பணயமாகக் காசு தவிர்க்கப்பட்டு, ஏலக்காய் வைக்கப்பட்டது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காயைக் கண்டதும் பங்கேற்பாளர்கள், காசே மலிவு என்று ஆட்சேபித்தனர்.

விதியைச் சொல்ல அரை நிமிடம் போதும். 52 சீட்டையும் கலைத்து, ஒன்றைத் திருப்பி நடுவில் வைக்க வேண்டும். அது ஆட்டின் ராணி என்று கொள்வோம். கட்டுகிறவர் ‘உள்ளே’ அல்லது ‘வெளியே’ என்று சொல்லிப் பணயம் வைப்பார். சீட்டுப் போடுகிறவர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவார். இன்னொரு ராணி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயம். கோவாவின் சூதாட்டக் கப்பல்களில் இதே ஆட்டம் ‘அந்தர் பாஹர்’ என்ற பெயரில், பச்சைத் துணி மேசையில், கோட்டுப் போட்டவர் கையால் நடக்கிறது. ராணி அங்கேயும் அதே ராணிதான்.

இனி கணக்கு. மீதி 51 சீட்டில் ராணிகள் மூன்று. மூன்றை 51-ஆல் வகுத்தால் 17-ல் ஒன்று. சராசரியாகப் பதின்மூன்றாவது சீட்டில் முடிவு தெரிந்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் நாற்பத்தொன்பதாவது சீட்டைத் தாண்டாது. 48 சீட்டுகள்தான் ராணி அல்லாதவை. முக்கியமான கண்டுபிடிப்பு இது: முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம் ஜெயிக்க 51.5 சதவீத வாய்ப்பு, மற்றதற்கு 48.5. கோவாக்காரர்களுக்கு இது தெரியும். முதல் பக்கத்தில் ஜெயித்தால் ரூபாய்க்கு 90 காசு என்று பட்டுவாடாவைக் குறைத்துவிட்டால், அங்கே கட்டினால் ரூபாய்க்கு இரண்டு காசுக்குச் சற்று மேலும், மறுபக்கம் கட்டினால் மூன்று காசும் நீண்டகாலத்தில் கப்பலுக்கே போய்ச் சேரும். மெட்டில் இந்த நுட்பமெல்லாம் கிடையாது, ஒன்றுக்கு ஒன்று. ஆகவே முழு உத்தியும் ஒரே கேள்வியில் அடங்கும்: “மொதச் சீட்டு எந்தப் பக்கம் போடுற?”

இதைக் களத்தில் அறிவித்தபோது எள்ளளவும் வரவேற்பில்லை. அங்கே ஏற்கெனவே இரண்டு சிந்தனைப் பள்ளிகள் வேரூன்றியிருந்தன. மூன்று தடவை உள்ளே விழுந்தால் நாலாவது வெளியே விழுந்தே தீரும் என்பது ஒன்று. மூன்று தடவை விழுந்தது நாலாவதும் அங்கேதான் என்பது மற்றொன்று. இரு தரப்பும் ஒரே தரவை வைத்தே வாதாடின. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவதொரு தரப்பு நிரூபணமாயிற்று. கட்டைக் கலைத்ததும் பழைய ஆட்டத்தைச் சீட்டு மறந்துவிடுகிறது என்ற என் வாதத்துக்கு, “சீட்டு மறக்கும், நாங்க மறக்க மாட்டோம்ணே” என்று பதில் வந்தது.

ஞாபகம் என்பது சட்டப்படியும் பெரிய விஷயம். ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் சொன்னது. மூணு சீட்டை அதிர்ஷ்டக் கணக்கில் தள்ளியது. மங்காத்தாவில் என்ன திறமை? கள ஆய்வில் ஒன்று அகப்பட்டது. கீழே வளைவில் திரும்பும் ஜீப், தோட்டத்து ஜீப்பா போலீஸ் ஜீப்பா என்பதைச் சத்தத்தை வைத்தே பிரித்தறிவது. பல வருடப் பயிற்சி இல்லாமல் இது கைகூடாது. தவறினால் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும், மறுநாள் பேப்பரில் ‘பணம் வைத்துச் சீட்டு விளையாடியவர்கள் கைது’ என்ற நாலு வரியும். இத்திறமையை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு நல்ல வக்கீல் தேவை.

அவரிடம் கூடவே ஒரு சிக்கலையும் கொடுக்கலாம். மெட்டு மாநில எல்லை. கிழக்கே 2003 முதல் லாட்டரிக்குத் தடை. மேற்கே 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது, பூப்பாறையில் கடை போட்டு விற்கிறார்கள். அதற்காகச் சீட்டுக்கு அங்கே தடையில்லை என்று எண்ண வேண்டாம்; கேரளத்துக்கும் 1960-லிருந்து தனிச் சூதாட்டச் சட்டம் உண்டு. இப்போது எல்லைக் கோட்டின் குறுக்கே ஒரு துண்டை விரித்து, உள்ளே விழும் சீட்டு தமிழ்நாட்டிலும் வெளியே விழும் சீட்டு கேரளத்திலும் விழும்படி போட்டால், ராணி வெளியே விழுந்த வழக்கை எந்த மாநிலத்துப் போலீஸ் எழுதுவது? பரிசோதனைக்கு நாலு முழத் துண்டு ஒன்று போதும். கட்டுகிறவர் எந்தப் பக்கம் உட்கார்வது என்பதில்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.