உருளை வெதை வாங்கின மாப்ளைக்கு

மாப்ளே, உருளைக்கெழங்கை வெதையில இருந்தே வளத்தப் போறீங்கன்னு அம்மிணி போன்ல சொல்லுச்சுங்க. கெழங்கை வெட்டி நடறதில்லீங்களாமா, பூத்துக் காய்ச்ச காயில இருந்து எடுத்த அசல் வெதையாமா. நல்ல காரியமுங்க. நம்ம பக்கத்துல நாலு தலைமொறையா ஒருத்தருக்கும் தோணாத யோசனை. தோணியிருந்தா பொள்ளாச்சிக்காரங்க இந்நேரம் தென்னையெல்லாம் வெட்டிப்போட்டு உருளை போட்டிருப்பாங்க.

சிரிக்கலீங்க, நெசமாத்தான் சொல்றேன். பொட்டலத்தோட வெலையக் கேட்டுப்போட்டு உங்கத்தை, "அந்தக் காசுக்கு மேட்டுப்பாளையம் மண்டியில ஒரு மூட்டைக்கு முன்பணம் குடுத்திருக்கலாமே"ன்னா. அவ பேச்ச உடுங்க. படிச்சவங்க பண்ற வெள்ளாமை அவளுக்கு எங்க புரியும்?

மொதல்ல பொட்டலத்தப் பிரிச்சு உள்ளங்கையில கொட்டிப் பாருங்க. மூச்சை மட்டும் புடிச்சுக்கோங்க, ஊதுனாப் பறந்துரும். ஒரு கிராமுல 1,000 வெதைக்கு மேல நிக்கும், அத்தனை பொடிசு. தக்காளி, கத்திரி, சுண்டை, உருளை எல்லாம் ஒரே குடும்பமுங்க. கடைக்காரன் எதைப் போட்டு ஒட்டியிருக்கறான்னு நாலு எலை விட்டப்பறந்தான் தெரியும். தக்காளியா வந்துச்சுன்னா வருத்தப்படாதீங்க. ரசத்துக்கு ஆச்சு.

அசல் வெதைதான்னு வெச்சுக்குவோம். அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோணுமல்லோ. தாளவாடிப் பக்கமோ ஊட்டி, கேத்திப் பக்கமோ உருளைக்காட்டுல பூ பூத்து நிக்கறதைப் பாத்திருப்பீங்க. வண்டிய நிறுத்திப் போட்டோவும் எடுத்திருப்பீங்க. அந்தப் பூவுல சிலது காயாகும். பச்சைத் தக்காளிப் பிஞ்சாட்ட உருண்டையா, கொத்தா இருக்கும். ஒரு காய்க்குள்ள நூறு வெதைக்கு மேல கூட இருக்கும். அதை யாரும் வாயில வெச்சுறாதீங்க, சொலனைன்னு வெசம் இருக்குது. உங்கத்தை கண்ணுல பட்டுச்சுன்னா மோருல ஊறப்போட்டு வத்தல் போட்டுருவா. அதனால அந்தக் காய் நம்மூட்டுப் பக்கமே வரவேண்டாம்.

கீழ்நாட்டுல அந்தக் காய் லேசுல புடிக்காதுங்க. பகல் நீளமாவும் காத்து குளுந்தும் இருந்தாத்தான் பூ நின்னு காயாகும். அதனாலதான் மத்திய உருளைக்கெழங்கு ஆராய்ச்சிக்காரங்க சிம்லாவுக்குப் பக்கத்துல குஃப்ரிங்கற மலையூருக்குப் போயி ஒட்டுக் கட்டறாங்க. குஃப்ரி ஜோதி, குஃப்ரி ஸ்வர்ணான்னு ரகத்துக்கெல்லாம் அந்த ஊரு பேரு ஒட்டிக்கிட்டு வரதும் அதனாலதான்.

உருளை நமக்கு அந்நியம்னும் நெனச்சுறாதீங்க. 1820கள்ல நீலகிரி மலைமேல அதை ஊன வெச்ச சல்லிவன் துரை நம்ம கோயமுத்தூரு கலெக்டருதான். அப்ப நீலகிரியும் நம்ம ஜில்லாதான், 1868லதான் பிரிஞ்சுது. ஆக, உருளை நம்மூரு பயிருன்னு பேச்சுக்குச் சொல்லிக்கலாம். செடிகிட்ட மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லீங்க. அது கலெக்டரு ஆபீசு எல்லையப் பாக்கறதில்ல, ராத்திரிக் குளுரைத்தான் பாக்குது. ராத்திரிச் சூடு 20 டிகிரிக்குக் கீழ எறங்கினாத்தான் அதுக்குக் கெழங்கு வெக்கற நெனப்பே வரும். ராத்திரியும் புழுக்கமா இருந்துச்சுன்னா எலை தளதளன்னு நிக்கும். அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து பாத்து "ஆகா"ம்பாங்க. தோண்டினா வேருதான் இருக்கும்.

வெதையில நல்லது இல்லாம இல்லீங்க. கெழங்கை நட்டா அதுக்குள்ள இருக்கற சீக்கையும் சேத்துத்தான் நடறோம். அசுவினி கொண்டாந்து ஏத்துன வைரஸ் கெழங்குக்குக் கெழங்கு தொத்திக்கிட்டே வரும், வருசா வருசம் மகசூல் எளைக்கும். வெதையில அந்தச் சீக்குல முக்காவாசி ஏறாது. அப்பறம் சுமைகூலி. ஒரு எக்டேர் நடறதுக்கு ரெண்டு ரெண்டரை டன் வெதைக்கெழங்கு வேணும், லாரி புடிக்கோணும். வெதைன்னா 100, 150 கிராம் போதும், சட்டைப் பையில போட்டுட்டுப் பஸ்ஸுல வந்தரலாம். திரிபுராவுல இதையே பெருசா எடுத்துப் பண்ணுனாங்க. வடக்கயிருந்து மலை தாண்டி வெதைக்கெழங்கைச் சொமந்துக்கிட்டுப் போற செலவு அவங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லீங்க. நீங்க குடியிருக்கற வடவள்ளியில இருந்து உழவர் சந்தை எத்தனை தூரம்?

இனித்தான் சங்கதியே இருக்குது. கெழங்கை வெட்டி நட்டா வரது அதே செடி. 1968ல குஃப்ரி ஜோதின்னு ஒண்ணை வெளிய உட்டாங்க. இன்னைக்கு எந்தக் காட்டுல குஃப்ரி ஜோதி நின்னாலும் அது அன்னைக்கு நின்ன அதே ஒத்தைச் செடிதான், துண்டு துண்டா ஊருக்கு ஊரு நிக்குது. வெதை அப்படி இல்லீங்க. ஒரே காயில எடுத்த வெதைதான்னாலும் ஒண்ணு செவப்பா வரும், ஒண்ணு வெளுப்பா வரும், ஒண்ணு கோலிக்குண்டா நின்னுரும், ஒண்ணு கெழங்கே வெக்காது. என்ற கூடப் பொறந்தவங்க ஆறு பேரைப் பாருங்க, ஒரே வயித்துல பொறந்து ஒருத்தன் வக்கீலானான், ஒருத்தன் இன்னமும் சீட்டாடிக்கிட்டு இருக்கறான். உருளைக்கு இது இன்னங் கொஞ்சம் ஜாஸ்தி. நமக்குக் குரோமோசோம் சோடி சோடியா இருக்குது, அதுக்கு நாலு நாலா, மொத்தம் 48. நாலு சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போடற கணக்குங்க. குஃப்ரி ஜோதியில எடுத்த வெதை குஃப்ரி ஜோதியா வரும்னு எவனாவது சொன்னா, அவன்கிட்ட நெலம் மட்டும் வாங்கீறாதீங்க.

அமெரிக்காவுல 1872ல லூதர் பர்பாங்குன்னு ஒரு சின்ன வயசுக்காரன். அவன் தோட்டத்துல எர்லி ரோஸுன்னு ஒரு ரகம், அது காய்க்கறதே அபூர்வம். அதுல ஒத்தைக் காயைப் பாத்துப்போட்டு, நாளும் போயிப் பாத்துக்கிட்டே இருந்தான். உள்ள இருந்தது 23 வெதை. எல்லாத்தையும் போட்டான். அதுல ஒண்ணுதான் தேறுச்சு. அந்த ஒண்ணை 150 டாலருக்கு வித்துப்போட்டுக் கலிபோர்னியாவுக்குக் கெளம்பிட்டான். அந்த வம்சத்துல தோலு சொரசொரன்னு மாறி வந்ததுதான் நீங்க ப்ரூக்ஃபீல்ட்ஸ் மாலுல கொழந்தைகளுக்கு வாங்கித் தர நீட்டு வறுவலுக்கு அமெரிக்காவுல பேரு போன கெழங்கு. அவனுக்கு 23ல ஒண்ணு. உங்க பொட்டலத்துல எத்தனை போட்டிருக்கறான்னு எண்ணிப் பாத்துக்கோங்க.

அமெரிக்கா வரைக்கும் எதுக்குப் போறது? நீங்க வண்டியெடுத்தா அஞ்சு நிமிசத்துல போற தூரத்துல, வீரகேரளத்துல, கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்குது. கரும்பை நாம வெதை போட்டா வளத்தறோம்? கரணை வெட்டித்தான் ஊனறோம். அதுவும் உருளையாட்டவே, துண்டை நட்டா அதே செடிதான் வரும். 1912ல நம்ம கோயமுத்தூருல அந்த நிலையத்தைத் தொறந்தாங்க. அங்க ஆராய்ச்சி பண்ணுன பார்பர் துரையும் டி.எஸ். வெங்கட்ராமனும் கரணைய உட்டுப்போட்டுப் பூவைப் புடிச்சாங்க. வெள்ளைன்னு ஒரு தடிச்ச கரும்பு, அதுல இந்த ஊரு நாணலோட மகரந்தத்தைச் சேத்து வெதை எடுத்தாங்க. ஆமாங்க, ஆத்தோரத்துல மாடு கூட மேயாத நாணல்தான். அதுல பொறந்ததுதான் கோ 205. 1918ல பஞ்சாப்புக்குக் குடுத்தாங்க, அங்க இருந்த ஒல்லிக்கரும்பையெல்லாம் ஓரங்கட்டீருச்சு. வடக்க கரும்பு பூத்து வெதை புடிக்கறது கஷ்டம், நம்ம ஊருல நல்லாப் பூக்குது. அதனால இன்னைக்கும் நாடு முச்சூடும் இருக்கற கரும்பு ஆராய்ச்சிக்காரங்க ஒட்டுக் கட்ட இங்கதான் வராங்க. அவங்க ஒவ்வொரு வருசமும் ஆயிரக்கணக்குல நாத்து போட்டு, பாத்துப் பாத்துக் கழிச்சு, வருசக்கணக்குல காத்திருந்து ஒண்ணு ரெண்டை மிச்சம் வெக்கறாங்க. நீங்க பண்ணப்போறதும் அதே வேலைதானுங்க. அவங்களுக்குச் சம்பளம் இருக்குது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

அதனால கொழம்புக்கு ஆகும்னு போடாதீங்க. பொறுக்கறதுக்குப் போடுங்க. ரோசாச் செடிக்கு ஆசையா மண்ணு மாத்தற உங்களுக்கு, கழிச்சுப் போடற மனசு வருமான்னுதான் எனக்குச் சந்தேகம்.

நாள் கணக்கைச் சொல்றேன், கேட்டுக்கோங்க. புரட்டாசிக் கடைசியில வெதை போடோணும். மண்புழு ஒரமும் தென்னைநார்க் கழிவும் கலந்து தட்டுல நெரப்பி, மேல தூவி, கால் அங்குலம் கூட மூடாம லேசாப் பொடிமண்ணு தெளிச்சா ஆச்சு. தட்டை மாடியில வெச்சுறாதீங்க, ஐப்பசி மழை ஒரு அடி அடிச்சா வெதையெல்லாம் பக்கத்தூட்டுச் சாக்கடைக்குப் போயிரும். தாழ்வாரத்துல, வெளிச்சம் இருக்கற எடமா வெய்ங்க. சூடு 25 டிகிரியத் தாண்டுனா மொளைக்க மொரண்டு புடிக்கும். உங்க ஆபீசு ஏசி ரூமுல வெச்சா ஒத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. ஒரு வாரம், பத்து நாளுல கண்ணு தொறக்கும். நீங்களே காயில எடுத்த புது வெதைன்னா அஞ்சாறு மாசம் தூங்கும். ஆராய்ச்சிக்காரங்க ஜிப்ரலிக் அமிலத்துல ஊற வெச்சு எழுப்பறாங்க. நமக்கு அந்த அவசரம் எதுக்கு, அடுத்த பட்டம் வரைக்கும் அதும் பாட்டுக்குத் தூங்கட்டும்.

நாலஞ்சு எலை வந்ததும், ஐப்பசிக் கடைசியில, பொடக்காணியில பாத்தி கட்டி நட்டுருங்க. நாத்து நூலாட்ட இருக்கும், கொஞ்சம் ஆழமாவே வெய்ங்க. வளர வளர மண்ணை அணைச்சுக்கிட்டே வரோணும். கெழங்கு வேருல வெக்கறதில்லீங்க, மண்ணுக்குள்ள இருக்கற தண்டுல இருந்து பக்கத்துல ஓடற கொடியோட நுனியில வெக்குது. மார்கழி, தை ரெண்டு மாசந்தான் நம்ம ஊருல அதுக்குத் தோதான குளுரு. போன வருசம் தக்காளியோ கத்திரியோ வாடிச் செத்த எடத்துல நடாதீங்க, அதே வாடல் நோய் இதையும் புடிச்சுக்கும்.

இன்னொண்ணு. ஊட்டிக்குப் போறப்ப "ஒரு பை மண்ணு எடுத்துட்டு வரலாங்களா மாமா, அங்க நல்லா வெளையுதல்லோ"ன்னு கேட்டுறாதீங்க. 1961லயே அந்த மண்ணுல தங்க நூற்புழு இருக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. வேருல கடுகைவிடப் பொடிசா, தங்க நெறத்துல முட்டைக்கூடு ஒட்டிக்கிட்டு இருக்கும், தீனியே இல்லாமக் கூட மண்ணுக்குள்ள வருசக்கணக்குல கெடக்கும். அதனாலதான் நீலகிரி வெதைக்கெழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தடை. 1957ல இருந்து அங்கயே முத்தோரையில ஒரு உருளை ஆராய்ச்சி நிலையமும் இருக்குது. அந்தப் புழுவைத் தாங்கறதுக்குன்னே 1985ல குஃப்ரி ஸ்வர்ணாவ வெளிய உட்டாங்க. உங்க வெதையில மண்ணு ஒட்டியிருக்காது, அந்த வகையில பொட்டலம் மேலுதான். இதைய உங்கத்தைகிட்டச் சொல்லீராதீங்க.

மாசி பொறந்ததும் செடி மஞ்சக்கட்டிச் சாயும். ஒவ்வொரு செடியாத் தோண்டி, ஒவ்வொண்ணுத்தையும் தனித்தனிக் காயிதப் பையில போடுங்க. எல்லாத்தையும் கூடையில கொட்டிக் கலக்கீட்டீங்கன்னா நாலு மாசப் பொழப்பு போச்சு. பெருசா எதிர்பாக்காதீங்க, மொத வருசம் நெல்லிக்கா, எலுமிச்சங்கா அளவுதான் வரும். பச்சை ஓடுனதை ஒதுக்கீருங்க. மத்ததுல ஒவ்வொரு பையிலயும் சின்னதா ஒண்ணை வேக வெச்சுக் கடிச்சுப் பாருங்க. கசந்துச்சுன்னா துப்பீட்டு அந்தப் பையவே தூக்கி எறிஞ்சுருங்க, பாவம் பாக்காதீங்க. நல்லா இருக்கற ரெண்டு மூணை மட்டும் இருட்டா, காத்தோட்டமா, சில்லுன்னு இருக்கற எடத்துல வெய்ங்க. கோயமுத்தூருல சித்திரை மாசம் அப்படி ஒரு எடம் எங்க இருக்குதுன்னு நீங்கதான் கண்டுபுடிக்கோணும். அம்மிணிகிட்டக் கேக்காம பிரிட்ஜுக்குள்ள மட்டும் வெச்சுறாதீங்க, பைய மாத்தி எடுத்துப் பொரியல் பண்ணிருச்சுன்னா அப்பறம் நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

அந்த ரெண்டு மூணை அடுத்த ஐப்பசியில கெழங்காவே ஊனுங்க. அப்பத்தான் அது நெசமாவே எப்படிப்பட்டதுன்னு தெரியும். தேறுச்சுன்னா பேரு வெக்கற உரிமை உங்களுக்குத்தான். "வடவள்ளி 1"ன்னு வெய்ங்க, உங்க பேரையே வேணும்னாலும் வெச்சுக்கோங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. ஆனா மாசியில நாங்க ஒறம்பரையா வரப்ப குருமாவுக்குன்னு மேட்டுப்பாளையம் கெழங்கு ரெண்டு கிலோ வாங்கி வெச்சுருங்க. உங்கத்தை கேட்டா பொடக்காணியில வெளஞ்சதுன்னு நானே சொல்லிக்கறேன்.