தோற்றம்: தாது வருஷம்

நாலுக்கு ஆறு ஃபிளெக்ஸில் என் அப்பாயி சிரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. போட்டோவுக்கு முன்னால் அப்பாயி சிரித்து எவனும் பார்த்ததில்லை. டிசைனர் தம்பிதான் உதட்டின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறான். கேட்டதற்கு, "சோகமா இருந்தா பேனர் எடுக்காது சார்" என்றான். நினைவஞ்சலி பேனரில் சோகம் கூடாதாம். மூக்குத்தியைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டான். அதற்கு ஈடாகக் கழுத்தில் மூன்று வடச் சங்கிலி. உயிரோடு இருந்தவரை அப்பாயியின் ஒரே சங்கிலி அடகுக்கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்ந்தது.

எல்லாம் சித்தப்பா மகன் செய்த வேலை. "அண்ணே, முதலாமாண்டு வருது. பேனர் அடிக்கணும். நீங்கதான எழுதுறவங்க, அப்பாயி வாழ்க்கையப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க" என்று போன் செய்தான். நாலு வரிதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. பாசத்தின் சிகரம், பண்பின் இமயம், குடும்பத்தின் ஆலமரம் எல்லாவற்றையும் முன்னால் போனவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் இமயம் நாலு சாய்ந்திருக்கிறது, ஆலமரம் ஆறு. அப்பாயி ஆலமரமா? கொல்லையில் முருங்கைக்காய் பறிக்க வருகிறவனைத் துடைப்பத்தோடு துரத்தும் ஆலமரத்தை நான் பார்த்ததில்லை.

போகட்டும், அந்த வாழ்க்கையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். மறுநாள் காலையில் அவன் மறுபடி போன் செய்து, "தோற்றம் என்ன தேதிண்ணே?" என்றான்.

மறைவு தெரியும். 2024 ஐப்பசி. ஆஸ்பத்திரி பில்லில் நிமிடம் வரைக்கும் இருக்கிறது. தோற்றம்தான் தகராறு.

அப்பாயியிடம் தேதி கேட்பதற்குக் கிணற்றிடம் கேட்கலாம், எதிரொலியாவது வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தேன். அப்பாயி கால் நீட்டி உட்கார்ந்து, பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கைச் சீவிக்கொண்டிருந்தது.

"அப்பாயி, ஒனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"பெரிய புயலுக்கு முந்துன வருசம்."

தஞ்சாவூர்ச் சீமையில் பெரிய புயல் என்றால் போதுமா? 1952 நவம்பர் கடைசியில் ஒன்று, 1977 நவம்பரில் ஒன்று. இரண்டும் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியவை.

"எந்தப் புயலு?"

"நம்ம கொல்லையில ரெட்டைத் தென்னை சாஞ்சுதே, அந்தப் புயலு."

"தென்னை எப்பச் சாஞ்சுது?"

"ஒங்க பெரிய அத்தை வயித்துல இருந்தப்ப."

"அத்தை எப்பப் பொறந்துச்சு?"

"கறுப்பு மாடு மொதக் கன்னு போட்டுச்சே, அதுக்கு மூணாம் நாளு."

"கறுப்பு மாட்ட எப்ப வாங்குனீங்க?"

"வாங்குறதாவது! கல்யாணத்துக்கு எங்கப்பா சீராக் கட்டிவிட்ட மாடுல்ல அது?"

"கல்யாணம் எப்ப?"

"பெரிய புயலுக்கு முந்துன வருசம்னு எத்தனை தரம்டா சொல்றது? காது என்ன அடைச்சுக் கெடக்கா?"

நோட்டை மூடிவிட்டேன். ஆனாலும் ஒன்று விளங்கியது. உலகத்துக்கெல்லாம் கி.மு., கி.பி. என்றால் எங்கள் குடும்பத்துக்கு க.மு., க.பி. கறுப்பு மாட்டுக்கு முன், கறுப்பு மாட்டுக்குப் பின். க.மு. என்பது அப்பாயி பிறந்த வீட்டில் இருந்த காலம். அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. சரித்திரம் தொடங்குவது மாட்டில்தான். நேரு செத்தபோது கறுப்பு மாட்டின் பேத்தி சினை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அதே பேத்தி கன்று போட்டுக் கறவையில் இருந்தது. சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேரு 1964 மே, தனுஷ்கோடி அதே வருஷம் டிசம்பர். சரியாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டில் மாடு பொய் சொன்னதில்லை, மனிதர்கள்தான்.

மாடு இல்லாத சாட்சியமும் உண்டு. என் அப்பா பிறந்தது "காசு மாறுன வருசம்". அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. இதை அப்பாயி மறக்காததற்கு என் அப்பா காரணமில்லை. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, நூறு நயா பைசா. அப்படியென்றால் இரண்டணாவுக்குப் பன்னிரண்டரை பைசா வரவேண்டும். மளிகைக்கடைக்காரர் பன்னிரண்டு கொடுத்தார். சர்க்கார் கணக்கே அதுதான்: ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. அப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. அரைப் பைசாவை அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கடையில் அதற்குப் பிறகு உப்புக்கல்கூட வாங்கவில்லை. கடைக்காரர் போய், மகன் போய், கடை செல்போன் கடையாகிவிட்ட பிறகும், அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகும். ஒருநாள் நடுராத்திரியில் என்னை எழுப்பி, "டேய், மூணணாவா மாத்தியிருந்தா நமக்குக் கால் பைசா லாபம்டா" என்றது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கிழவி. பதினெட்டே முக்காலைப் பத்தொன்பதாக்குகிறார்கள் என்பதைப் படுத்தபடியே கண்டுபிடித்திருக்கிறது.

சின்னச் சித்தப்பா "படியரிசி வருசம்". ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லி அண்ணா ஜெயித்த 1967. இது சுலபம். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் பிறந்தது ஜூன் 1. என் அப்பாவும் ஜூன் 1. பெரிய அத்தையும் ஜூன் 1. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டவர்களுக்கெல்லாம் வாத்தியார் போட்ட தேதி. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாழ்ந்த மாதத்தைப் பற்றி வாத்தியாருக்கு என்ன கவலை? அந்தத் தலைமுறையே ஜூனில்தான் பிறந்தது.

அப்பாயிக்குத் தலையைச் சுற்றிக் காதைத் தொடும் பாக்கியம்கூட இல்லை. இருக்கிற காகிதங்களைப் பரப்பிப் பார்த்தேன். வாக்காளர் அட்டையில் 1.1.1995 அன்று வயது 65. முதியோர் பென்ஷனுக்கு அறுபத்தஞ்சு ஆகணும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஆகிவிட்டது. 2012-இல் ஆதார் எடுக்க வந்தவர்களிடம் எழுபத்திரண்டு என்றிருக்கிறது. அவர்கள் 1.1.1940 என்று போட்டார்கள். பதினேழு வருஷத்தில் அப்பாயிக்கு ஏழே வயது கூடியிருக்கிறது. பணம் வருகிற இடத்தில் ஒரு வயது, வராத இடத்தில் ஒரு வயது.

உண்மையான துப்பு ஒன்று உண்டு. சாகிறதற்கு ஒரு மாதம் முன்னால், கேட்காமலே, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சொன்னது: "நான் தாது வருசம், ஆடி. மேட்டூர் அணை தொறந்து ரெண்டாம் வருசம்னு எங்காத்தா சொல்லும்." அணை 1934. இரண்டு கூட்டினால் 1936. பஞ்சாங்கத்தில் 1936 சித்திரையில் தாது பிறக்கிறது. இரண்டும் பொருந்துகிறது! எண்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அப்பாயிக்கு ஒரு பிறந்த வருஷம். வாழ்நாளெல்லாம் அரைப் பைசாவையும் கறுப்பு மாட்டையும் சொன்ன கிழவி இதை மட்டும் ஏன் உள்ளேயே வைத்திருந்தது? நாங்கள் யாரும் பிறந்தநாள் கொண்டாடலாமா என்று கேட்டதில்லை, அதனால் இருக்கலாம். நான் நோட்டோடு உட்கார்ந்த அன்றும் கல்யாணத்தைத்தான் கேட்டேன், பிறப்பைக் கேட்கவில்லை.

சரி. தாது வருஷம், ஆடி என்று சித்தப்பா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 1936 என்று சேர்த்து எழுதியிருக்கலாம். எழுத்தாளன் திமிர், 'தாது' என்று இருந்தால் பேனரில் கம்பீரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவன் செல்போனில் தாது வருஷம் என்று போட்டுத் தேடியிருக்கிறான். தாது வருஷப் பஞ்சம் வந்திருக்கிறது.

பேனரில் தோற்றம்: 1876.

முதலாமாண்டு அன்றைக்குக் காலையில், பந்தலில் இட்லி பரிமாறிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். அப்பாயிக்கு நூற்று நாற்பத்தெட்டு வயது. என் நாலு வரி இல்லவே இல்லை, இடம் போதவில்லையாம். மகன், மருமகள், பேரன், பேத்தி, பேரனின் மச்சான் வரை முப்பத்தொரு பெயர் இருந்தது. என் பெயருக்கு முன்னால் மச்சான் பெயர். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வந்த இருநூறு பேரில் ஒருத்தர் கண்ணிலும் 1876 படவில்லை. மச்சானுக்கு மட்டும் அவர் இனிஷியல் தப்பாக இருந்தது பட்டுவிட்டது. கடைசியில் தெருமுனை இஸ்திரிக்காரர் பேனர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. "அந்தக் காலத்து ஒடம்பு சார்" என்றார். "கேப்பையும் கம்பும் தின்னது. இப்ப யாரு இருக்கா?"

சண்டை போட்டேன். ஒருத்தரும் மதிக்கவில்லை. காரியம் முடிந்ததும் பேனரைக் கழற்றி, ஒழுகுகிற மாட்டுக்கொட்டகைக்கு மேலே கட்டிவிட்டார்கள். நாலு மூலையிலும் செங்கல். மழை பெய்தால் அப்பாயி சிரித்துக்கொண்டே நனைகிறது.

நேற்று சித்தப்பா மகன் போன் செய்தான். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறதாம், நெற்றியில் வெள்ளையாம்.

"எப்படா?"

"அப்பாயி தெவசத்துக்கு ஆறாம் நாளுண்ணே."

"தேதி என்னடா?"

"அதான் சொன்னேனேண்ணே" என்றான்.