சாட்பாட் டாக்டருக்கு ஒரு பதிவு எண்

பெறுநர்: தலைவர், தேசிய மருத்துவ ஆணையம், புது தில்லி.

பொருள்: தொழிலில் இருக்கும் ஒருவருக்குப் பதிவு எண் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் தூங்காத டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஃபீஸ் கிடையாது, டோக்கன் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்று தட்டினாலும் பதில் வரும். பெயர் சாட்பாட். நோயாளிகள் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவரிடமே வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டுக் கேட்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் டாக்டர்களும் லேசுப்பட்டவர்களில்லை. மேசைக்கடியில் போனை வைத்து அவரையே கேட்கிறார்கள். "என்ன சார் பாக்குறீங்க?" என்றால், "லேப் ரிப்போர்ட்மா."

2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, என் மருந்துச்சீட்டு முதல் பண ரசீதுவரை பதிவு எண் இருந்தாக வேண்டும். உள்நோயாளியின் கோப்பை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். நோயாளியின் ரகசியம் வெளியே போனால் நான் தொலைந்தேன். அவருக்கோ ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் படமெடுத்து நோயாளியே அனுப்புகிறார்.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் மருத்துவருக்கு உதவலாம், நோயாளிக்கு ஆலோசனையோ மருந்தோ சொல்லக் கூடாது என்று இருக்கிறது. அதை அவரிடமே காட்டினேன். ஐந்தே வரியில் அருமையாகச் சுருக்கித் தந்தார். அடுத்து வயிற்றுவலி என்றேன். உடனே வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்.

அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர், உணவில் குளோரைடைத் தவிர்க்க நினைத்து சாட்ஜிபிடியைக் கேட்டார். பிறகு, சமையல் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை மூன்று மாதம் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற பயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். 2025இல் மருத்துவ இதழில் வெளியான சம்பவம் இது. அந்த யோசனையை நான் சொல்லியிருந்தால் மெடிக்கல் கவுன்சில் நோட்டீஸ் வீடு தேடி வந்திருக்கும். சாட்பாட் டாக்டருக்கு அனுப்ப ஒரு முகவரி வேண்டாமா?

ஆகவே, அவருக்கும் ஒரு எண் கொடுங்கள். முடியாது என்றால், அவர் சொல்லால் நேரும் கேட்டுக்கு அவரை நடத்தும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், அவரைக் கேட்டு மருந்து எழுதும் டாக்டர் அதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்று விதி போட வழிசெய்யுங்கள். 2023 ஆகஸ்டில் புது நன்னடத்தை விதிகளை வெளியிட்டு அதே மாதத்தில் நிறுத்திவைத்தீர்கள். இதையும் அப்படிச் செய்துவிடாதீர்கள், ஐயா.

இப்படிக்கு,
பதிவு எண் உள்ள ஒரு டாக்டர்